ஒரு மணி நேரம் பின்னால் போன மாமனார்

என் மாமனாரின் பெயரை நான் சொல்ல மாட்டேன். எழுதவும் மாட்டேன். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து நான் ஒழுங்காகக் காப்பாற்றி வரும் ஒரே கட்டுப்பாடு அதுதான். மற்றதெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே.

கசாக் வீடுகளில் மருமகள் புகுந்த வீட்டு ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. எனக்கு இது புதிதில்லை. சாத்தூரில் ரேஷன் கடைக்காரர் அப்பாவின் பெயரைக் கேட்டால் அம்மா என்னை முன்னால் தள்ளிவிட்டு வேறு பக்கம் பார்ப்பாள். என் சிக்கல் வேறு. என் மாமனாரின் பெயர் இங்கே தெருவில் புழங்கும் ஒரு சாதாரணச் சொல். கசாக் மொழியில் கடிகாரத்துக்கும் அதுதான் சொல், மணிக்கும் அதுதான் சொல். 'மணி நாலு' என்று சொல்ல வேண்டுமானால் முதலில் மாமனாரின் பெயரைச் சொல்லியாக வேண்டும்.

கல்யாணமான வாரம் என் ஓரகத்தி விளையாட்டாகச் சொன்னாள். "பேரைச் சொல்லாம இருந்தா மட்டும் போதாது புள்ள. பேரு மாதிரி இருக்கிற வார்த்தையையும் சொல்லக் கூடாது. எங்க பாட்டிமாருங்க அப்படித்தான் இருந்தாங்க." நான் வெளிநாட்டுக்காரி. கேலி எது, சட்டம் எது என்று தெரியாத காலம். மறுநாள் மாமியார் அடுப்படியிலிருந்து நேரம் கேட்டபோது வாய்வரை வந்த சொல்லை விழுங்கிவிட்டு, தமிழில் "மணி" என்றேன். கூடவே கசாக்கில் "நாலு" என்று சேர்த்துக்கொண்டேன்.

மாமியாருக்கு விஷயம் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் மாவுக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டார். அன்று மாலைக்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. "இப்ப உள்ள கசாக் புள்ளைங்க மாமனாரைப் பேரு சொல்லியே வாட்ஸப்புல திட்டுதுங்க. எங்கிருந்தோ வந்த என் கியால் அவரு பேருல இருக்கிற மணியைக்கூட வாயில எடுக்க மாட்டேங்குறா!"

கியால் நான்தான். பெற்றவர்கள் வைத்த கயல்விழி இவர்கள் நாக்கில் நிற்கவில்லை. கியால் என்றால் இங்கே கற்பனை என்று அர்த்தம். மீனைப் போன்ற கண் என்று பெருமையாக வைத்த பெயர், அல்மாட்டியில் வெறும் கற்பனையாகிவிட்டது. போகட்டும்.

இப்படிப் புகழ்ந்த பிறகு எப்படிப் பின்வாங்குவது? என் 'மணி' வீட்டில் நிலைத்துவிட்டது. முதலில் மாமியார் சொல்லத் தொடங்கினார். பிறகு என் கணவன் பெய்பித், பிறகு கடைக்குட்டி நாத்தனார். பதினோரு வருடமாகிவிட்டது, எங்கள் வீட்டில் எல்லோரும் கசாக் பேசுவார்கள், நேரத்தை மட்டும் தமிழில் கேட்பார்கள். மாமனார் மட்டும் அந்தச் சொல்லை வாயில் எடுத்ததே இல்லை. மனிதர் நேரமே கேட்பதில்லை, மற்றவர்களுக்கு நேரம் சொல்கிறவர். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் இன்னும் சட்டைப் பையில் இருக்கிறது. சூப் ஆறிவிட்டால் அதை ஊதுவார்.

இந்த நிலையில்தான் அரசாங்கம் நாடு முழுக்க ஒரே நேரம் என்று அறிவித்தது. மேற்கே உள்ளவர்களுக்கு மாற்றமில்லை. அல்மாட்டிக்காரர்களான நாங்கள் மார்ச் முதல் தேதி கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்க வேண்டும். டிவியில் செய்தி வாசித்த பெண் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே தமிழில் தந்தால், 'உங்கள் மாமனாரை மறக்காமல் பின்னுக்குத் தள்ளுங்கள்' என்று வரும்.

மாமனார் டிவிக்கு நேராக எழுந்து நின்றார். "என்னையா? பின்னாலயா? என்னைக் கேட்டியா? சூரியனைக் கேட்டியா? சூரியன் என்ன, உங்க ஆபீசுலயா சம்பளம் வாங்குது?"

"அவ கடிகாரத்தைச் சொல்றா, கிழவா" என்றார் மாமியார். அவர் புருஷனைக் கூப்பிடுவது அப்படித்தான்.

"எல்லாம் எனக்குத் தெரியும். இந்த வீட்டுக் கடிகாரத்துல எவனாச்சும் கை வச்சீங்க, தெரியும் சேதி."

யாரும் கை வைக்கவில்லை. ஊரே புது நேரத்துக்குப் போன பிறகும் கூடத்துச் சுவர்க் கடிகாரமும் மாமனாரின் கைக்கடிகாரமும் பழைய நேரத்திலேயே ஓடின. அதில் அவருக்குக் கொள்ளை லாபம் வேறு. பழைய நேரத்தைப் பார்த்துக் கிளம்புகிறவர் எங்கே போனாலும் ஒரு மணி நேரம் முன்னால் போய்ச் சேருவார். கிளினிக்கில் முதல் ஆள், ரொட்டிக் கடையில் கதவு திறக்கும் முன்பே ஆள். "பாத்தியா? நாடே லேட்டா எந்திரிக்குது" என்று வந்து சொல்வார். மாமியார் சீரியலுக்கு மட்டும் ரகசியமாகப் புது நேரம் பார்ப்பார். நானும் பெய்பித்தும் வேலைக்குப் புது நேரம், வீட்டுக்குப் பழைய நேரம். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு நாடு நடத்தினோம்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, நாத்தனாரைக் கேட்டு ஆட்கள் வரும்வரை.

நாத்தனாரையும் நான் பெயர் சொல்வதில்லை. செல்லம் என்பேன். அவள் மூன்று வருடமாக கிசிலோர்தாக்காரன் எல்டோஸை விரும்பினாள். நல்ல பையன். மாமனாரிடம் முன்பு ஒரு வரன் வந்தது. அவர்கள் இருபது நிமிடம் தாமதமாக வந்தார்கள் என்று வாசலிலேயே விசில் ஊதி அனுப்பியவர் இவர். எல்டோஸ் விஷயத்தில் ஏழு தலைமுறை முப்பாட்டன் பெயர்களைக் கேட்டார். அதற்குள் சொந்தம் என்றால் இங்கே கல்யாணம் கிடையாது. எங்கும் ஒட்டு உறவு இல்லை, பொருத்தம் சரி. படிப்பு, வேலை, பல், எல்லாம் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அதுவே அவருக்கு ஒரு குறையாக இருந்தது. கடைசியில், "சனிக்கிழமை வந்து கம்மல் போட்டுட்டுப் போகச் சொல்லு. நாலுக்கு. நாலுன்னா நாலு" என்றார். மாப்பிள்ளை வீட்டார் கம்மல் போட்டுவிட்டால் பெண் நிச்சயமானவள். செல்லம் அன்று முழுக்கத் தரையில் கால் பாவாமல் திரிந்தாள்.

வெள்ளிக்கிழமை சம்பந்தியின் போன் வந்தது. நான்தான் எடுத்தேன், மாமியார் குதிரைக் கறிக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தார். எல்டோஸின் அப்பா துர்சின்பெக் ரயிலில் வந்துகொண்டிருந்தார். பின்னால் தடதடவென்று சத்தம்.

"மருமகளே, நாளைக்கு எப்ப வரணும்? சரியா சொல்லு கண்ணு. நான் ரயில்வேயில இருந்தவன். நமக்கு நிமிஷம் தப்பக் கூடாது."

எனக்கு உறைத்தது. அவர் ஊரில் நேரம் மாறவே இல்லை, வெறும் நாலு என்றால் புது நேரத்து நாலுக்கு வருவார். எங்கள் வீட்டுச் சுவரில் அப்போது ஐந்தாகியிருக்கும். 'எங்கள் வீட்டுப் பழைய மணிக்கு நாலு' என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மாமனார் இரண்டடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். அவர் காதில் விழ அவர் பெயரை எப்படிச் சொல்வது, அதுவும் 'பழைய' என்று முன்னால் சேர்த்து?

"பழைய மணி, நாலு" என்றேன்.

கசாக்கில் ஏறக்குறைய மணி என்ற ஓசையிலேயே ஒரு சொல் உண்டு. அதற்கு 'அதன் அர்த்தம்' என்று பொருள். எங்கள் வீட்டில் அது யாருக்கும் நினைவில்லை. சம்பந்தியின் காதில் மட்டும் அது அந்தப் பொருளில்தான் விழுந்திருக்கிறது.

"பழைய அர்த்தம் நாலா?" அவர் பலமாகச் சிரித்தார். "நல்லா வேடிக்கையா பேசுற! நாலுக்குப் புது அர்த்தம் பழைய அர்த்தம்னு இருக்கா என்ன? நாலுன்னா நாலுதான். வந்துருவோம்."

"இல்ல, அப்படி இல்ல, பழைய..."

வெட்டவெளியில் சிக்னல் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. பெய்பித்திடம் சொன்னேன், "நீ ராத்திரிக்குள்ள அவங்ககிட்ட சொல்லிடு" என்று. சரி என்றான். அவன் சரி என்றால் மறந்துவிட்டான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அது தெரியும். தெரிந்தும் மறுநாள் வேலை மும்முரத்தில் நானும் கேட்கவில்லை.

சனிக்கிழமை எங்கள் கடிகாரம் நாலு அடித்தபோது வீடு நிறைந்திருந்தது. மாமனாரின் தம்பி செரிக்பாய், அவர் வீட்டார், அக்கம்பக்கம், எல்லோரும் மாமனாரின் குணம் தெரிந்து பழைய நேரத்துக்கே வந்துவிட்டார்கள். மாமியார் நேரம் கணக்குப் பார்த்து மாவுத் தகடுகளைக் கறிக் குழம்பில் போட்டாயிற்று. செல்லம் புதுச் சட்டையில், காதில் பழைய கம்மலைக் கழற்றிவிட்டு வெறும் காதோடு உள்ளறையில் காத்திருந்தாள்.

நாலு ஐந்து. நாலு பத்து. மாமனார் வாசலுக்கும் கடிகாரத்துக்குமாக நடந்தார்.

"டிராஃபிக்கா இருக்கும்" என்றார் செரிக்பாய்.

"குதிரையில வந்த காலத்துலயே நேரத்துக்கு வந்தானுங்க. கார்ல வர்றவனுக்கு என்ன கேடு?"

நான் பெய்பித்தைப் பார்த்தேன். அவன் முகம் மெல்ல வெளுத்தது. வாசல்பக்கம் போய்ப் போனை எடுத்துக் கூப்பிட்டுப் பார்த்தான், மணி அடித்ததே தவிர யாரும் எடுக்கவில்லை. மாமியாரின் மாவுத் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிக்கொண்டிருந்தன. நான் உள்ளறைக்கு ஓடினேன். செல்லம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, அப்பா விசிலை வெளிய எடுத்துட்டாரா?"

"இன்னும் இல்ல."

"எடுத்தா நான் சன்னல் வழியா எல்டோஸோட ஓடிருவேன். சத்தியமா."

"முதல்ல அவன் வரட்டும்டி."

எங்கள் கடிகாரம் ஐந்து அடித்து முடிக்கவும் வாசல் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. துர்சின்பெக், அவர் மனைவி, எல்டோஸ், கூட நாலைந்து பேர். சம்பந்தியின் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "முன்னாடியே வந்துட்டோம். தெருமுனையில காருக்குள்ள உக்காந்திருந்தோம். போன் சத்தத்தையெல்லாம் அணைச்சு வச்சுட்டு என் கைக்கடிகாரத்தையே பாத்துட்டு இருந்தேன். முள்ளு சரியா நிக்கவும் இறங்குனோம்!" என்றார்.

மாமனார் கடிகாரத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ரயிலில் அவ்வளவு தூரம் வந்தவர்களை வாசலில் வைத்துப் பேச மனம் வரவில்லை போலும். உள்ளே அழைத்து உட்காரவைத்தார், கம்பளத்தில் அவர்களுக்கு முதல் மரியாதைக்குரிய இடத்தைத் தந்தார். பிறகுதான் கேட்டார்.

"ஒரு மணி நேரம் கழிச்சு வந்துட்டு, முள்ளு சரியா நின்னுச்சுங்கிறீங்களே சம்பந்தி, அது எந்த ஊர் முள்ளு?"

துர்சின்பெக்கின் சிரிப்பு நின்றது. "ஒரு மணி நேரமா? என் வாழ்க்கையில ஒரு ரயிலைக்கூட நான் லேட்டா விட்டதில்ல. உங்க மருமக நாலுன்னுச்சு. நாலுக்கு வந்திருக்கோம்."

"எங்க வீட்டுல இப்ப அஞ்சு."

"நாட்டுல நாலு."

"பொண்ணு இருக்கிறது எங்க வீட்டுல."

எல்டோஸ் தன் காலுறையையே பார்த்துக்கொண்டிருந்தான். சம்பந்தியம்மாவின் மடியில் கம்மல் டப்பா மூடியே இருந்தது. அதை அவர் கைப்பைக்குள் திரும்ப வைக்கப் போவதை நான் பார்த்தேன். என் வேலை தேநீர் ஊற்றுவது. கெட்டிலோடு நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

மாமனார் என் பக்கம் திரும்பினார். "மருமகளே, சம்பந்திக்கு டீ ஊத்து. நிறைச்சு ஊத்து."

செரிக்பாய் கண்ணை மூடிக்கொண்டார். இங்கே மரியாதைக்குரியவருக்கு அரைக் கிண்ணம்தான் ஊற்றுவோம், தீரத் தீர ஊற்றலாம், இன்னும் இருங்கள் என்று சொல்கிற விதம் அது. விளிம்புவரை ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். விசிலைவிட மோசம். துர்சின்பெக்குக்கும் அது புரிந்து முகம் கறுத்தது. உள்ளறைக் கதவிடுக்கில் செல்லத்தின் ஒரு வெறும் காது தெரிந்தது.

நான் ஊற்றத் தொடங்கினேன். கால் கிண்ணம். அரைக் கிண்ணம். கை நின்றுவிட்டது.

"ஊத்து" என்றார் மாமனார்.

"அத்தா, அவங்க மேல தப்பு இல்ல" என்றேன். மாமனாரை அத்தா என்றுதான் கூப்பிடுவோம். "என் மேலயும் இல்ல. தப்பு வந்து... அது... சுவத்துல..."

"சுவத்துல என்ன?" என்றார் சம்பந்தி.

"அங்க தொங்குதுல்ல... டிக் டிக்னு..."

"டிக் டிக்கா? இந்தப் பொண்ணு நேத்தும் ஏதோ அர்த்தம் கிர்த்தம்னுச்சு. உங்க மருமகளுக்கு உடம்பு கிடம்பு சரியில்லயா?"

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. பதினோரு வருடமாகச் சுமந்த மரியாதை, கடைசியில் பைத்தியக்காரிப் பட்டம்! கெட்டிலை ணங்கென்று கீழே வைத்தேன்.

"சகாத்!" என்று கத்தினேன். "சகாத்தான் தப்பு! ஊரே ஒரு பக்கம் போகுது, சகாத் மட்டும் முந்திக்கிட்டு ஓடுது! யாரையும் தொட விடுறதில்ல, யாரு சொன்னாலும் கேக்குறதில்ல! சகாத்தை மதிச்சுத்தான் எங்க வீட்டுல எல்லாரும் கெடுறோம்!"

இதில் நான் சொன்னது கடிகாரத்தை. ஆனால் கசாக் மொழியில் அவர், அவன், அவள், அது எல்லாவற்றுக்கும் ஒரே சொல். நான் சொன்னது அத்தனையும் சுவரில் தொங்கியதற்குப் பொருந்தியது. கீழே உட்கார்ந்திருந்தவருக்கு இன்னும் நன்றாகவே பொருந்தியது.

மாமியார் தொடையில் அடித்துக்கொண்டு, "ஐயோ கியால்!" என்றார். செரிக்பாய்க்குத் தேநீர் மூக்கில் ஏறியது. அவர் இருமினாரா சிரித்தாரா, தெரியவில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். செல்லத்தின் கல்யாணம் முடிந்தது, என் கதையும் முடிந்தது என்று நினைத்தேன்.

மாமனார் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்தார். முக்காலியை இழுத்துச் சுவரோரம் போட்டு ஏறினார். பெய்பித் பிடிக்கப் போனான், தள்ளிவிட்டார். கடிகாரத்தின் கண்ணாடியைத் திறந்தார்.

"சம்பந்தி, உங்க கையில என்ன?"

"நாலு பத்து" என்றார் துர்சின்பெக், இன்னும் முறைப்பாக.

மாமனார் முள்ளைப் பிடித்துப் பின்னால் திருப்பினார். மெதுவாக, ஒரு முழுச் சுற்று. "நாலு பத்து. அப்ப நீங்க வந்து பத்து நிமிஷந்தான் ஆகுது. சொன்ன நேரத்துக்கு வந்திருக்கீங்க." முக்காலி மேலேயே நின்றுகொண்டு உள்ளறைப் பக்கம் பார்த்தார். "என் பொண்ணும் இந்த வீட்டுல இன்னும் ஒரு மணி நேரம் கூட இருப்பா. இந்த அரசாங்கம் எனக்குன்னு உருப்படியா ஒண்ணு செஞ்சிருக்கு."

துர்சின்பெக் எழுந்துபோய் அவரைக் கைபிடித்து இறக்கினார். இருவரும் கட்டிக்கொண்டார்கள், நெஞ்சோடு நெஞ்சு, முதுகில் தட்டி. நான் அந்தக் கிண்ணத்தை அரையோடு நிறுத்தி நீட்டினேன். சம்பந்தியம்மா டப்பாவைத் திறந்தார். கூழாகிப்போன மாவையும் கறியையும் எல்லோரும் புகழ்ந்து தின்றார்கள். செல்லம் கம்மல் போட்ட காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே பரிமாறினாள். மருமகள் மாமனாரைப் பேர் சொன்னதற்கு அபராதமாகப் பாட்டுப் பாட வேண்டும் என்றார் செரிக்பாய். பாடினேன். அதைக் கேட்டு பெய்பித் தவிர யாரும் வருத்தப்படவில்லை.

விருந்தாளிகள் போட்டோ எடுக்கக் கிளம்பியபோது நான் அடுப்படியில் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். மாமனார் உள்ளே வந்தார். அந்தப் பக்கம் வருகிற வழக்கம் அவருக்கு இல்லை.

"மன்னிச்சிருங்க அத்தா" என்றேன். "இனிமே சொல்ல மாட்டேன்."

அவர் ஒரு கிண்ணத்தை எடுத்துத் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

"வெளிய எல்லாரும் மரியாதைன்னு பேரை நறுக்கி 'சாக்கே'ம்பாங்க" என்றார். "பள்ளிக்கூடத்துல சார். பிள்ளைங்களுக்கு அப்பா. அவளுக்குக் கிழவன். முழுசா கூப்பிட்டது எங்க அம்மா. அப்புறம் ரெண்டு கூட்டாளிங்க. அவனுங்களும் போயிட்டானுங்க. முன்னாடி வீட்டுல யாராச்சும் நேரம் கேட்டா காதுல விழும், என்னைத்தான் கூப்பிடுற மாதிரி இருக்கும். நீ வந்து அதையும் மணியாக்கிட்ட."

நான் குழாயை மூடினேன்.

"உன்னைக் குத்தம் சொல்லல. நல்ல பழக்கந்தான், ஊரே மெச்சுது." கிண்ணத்தை அடுக்கில் வைத்தார். "கடைசியில அந்த டிவிக்காரிதான் என் பேரைச் சொன்னா. அவளும் பின்னால தள்ளுங்கன்னு சொன்னா. கோவம் வராதா?"

ஈரக் கையோடு நின்றேன். பதினோரு வருடம் இவருக்கு நான் செய்த மரியாதையை நினைத்தால் வெட்கமாக இருந்தது. கூடத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், யாரோ எங்களைக் கூப்பிட்டார்கள். மாமனார் போகத் திரும்பினார்.

"அத்தா" என்றேன். "சகாத் என்ன?"

வெளியிலிருந்து கேட்டால் நான் மணி கேட்டதாகத்தான் தோன்றும். அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"சொல்லும்மா" என்றார்.